பாட்டு முடியும் வரை ரூம் எனக்கு

நான் இசையமைப்பாளர் ஆவதென்று முடிவெடுத்தேன். இசை மேல் உள்ள காதலால் என்று நினைத்து யாரும் கண்கலங்க வேண்டாம். எனக்கு ஒரு ரூம் வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு சின்ன ரூம் உண்டு. உடைந்த நாற்காலி, ஓடாத ஃபேன், கல்யாணத்துக்குப் பரிசாக வந்த சுவர்க் கடிகாரங்கள் எல்லாம் அதில் குடியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் காலி செய்தோம். கடைசி கடிகாரம் வெளியே போவதற்குள் ரூமுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாட ஆரம்பித்துவிட்டோம்.

என் மனைவி வீட்டிலேயே பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறாள். இடம், ஹால். சாயங்காலம் ஆனால் சோபா நகர வேண்டும். நகர்த்துவது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நகர்த்திவிட்டு கிச்சனில் ஒதுங்கி நிற்பேன். ஹாலிலிருந்து, "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிச்சுக்கோங்க" என்று உத்தரவு வரும். நானும் பிடித்துக்கொள்வேன். பழக்கதோஷம்.

"கிளாஸை இந்த ரூம்ல வச்சுட்டா சோபா அது பாட்டுக்கு அங்கயே கிடக்கும்," என்றாள்.

"இதுல நான் மியூசிக் பண்ணப்போறேன்."

"எதை வச்சு?"

"கம்ப்யூட்டரை வச்சு. இப்பல்லாம் வீட்ல உக்காந்தே பாட்டு பண்ணலாம். கீபோர்டு, மைக், ஹெட்போன் இருந்தா போதும்."

"உங்களுக்கு மியூசிக் தெரியுமா?"

"ஆபீஸ்ல ஜால்ரா, வீட்ல தாளம். இந்த அனுபவம் பத்தாதா?"

அவள் சிரிக்கவில்லை. யோசித்தாள். அவள் சிரித்தால் எனக்குக் கவலை இல்லை, யோசித்தால்தான் கவலை.

"சரி. ஒரே ஒரு பாட்டு. அது முடியுற வரைக்கும் ரூம் உங்களுக்கு. முடிஞ்ச அன்னிக்கு எனக்கு. அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"நானாவது மாறுறதாவது."

எனக்குள் ஒரே குஷி. ஏனென்றால் அவளுக்குத் தெரியாத ஒரு ரகசியம் எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் பண்ணுகிற பாட்டு முடியவே முடியாது. மெட்டுப் போடுவது ஒரு சாயங்கால வேலை. அதற்கப்புறம் மிக்ஸிங் என்று ஒன்று இருக்கிறது. டிரம்ஸுக்கு ஒரு கோடு, கிடாருக்கு ஒரு கோடு, குரலுக்கு ஒரு கோடு என்று திரை முழுக்கக் கோடுகள். ஒன்றின் சத்தத்தைக் கூட்டினால் பக்கத்தில் இருப்பது அமுங்கும். அமுங்கியதைத் தூக்கிவிட்டால் முதலில் கூட்டியது இளைத்துப்போகும். கூட்டுக் குடும்பம் மாதிரி, கடைசி வரைக்கும் யாராவது ஒருத்தர் முகத்தைத் தூக்கிக்கொண்டேதான் இருப்பார்கள். ஆயுள் முழுக்கப் பண்ணலாம். ரூம் எனக்குப் பட்டா.

முதல் நாள் சாயங்காலமே டிரம்ஸ், கிடார், பேஸ் எல்லாம் சேர்த்து மெட்டு முடிந்தது. அவள் வாசலில் நின்று கேட்டாள்.

"நல்லாத்தாங்க இருக்கு. முடிஞ்சுதா?"

"இது வெறும் எலும்புக்கூடு. இனிமேதான் சதை, ரத்தம், தோல் எல்லாம் வரணும். மிக்ஸிங் பண்ணணும்."

"மிக்ஸிங்குன்னா?"

"எல்லாத்தையும் சரியான அளவுல கலக்குறது."

"அதை கிச்சன்லயே பண்ணலாமே. எதுக்கு ஒரு ரூம்?"

மாதங்கள் ஓடின. எனக்கு அலுக்கவே இல்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் "கேஸ் தீர்ந்துபோச்சு" காதில் விழாது. "குழாய் சொட்டுது" காதில் விழாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அனுபவித்த முதல் சுதந்திரம் அதுதான். அவள் வந்து கேட்கும்போதெல்லாம் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

"குரல்ல எதிரொலி அடிக்குது. இந்த ரூம் சுவர் சரியில்ல."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். பாட வராதவருக்குச் சுவர் கோணலா?"

கம்ப்யூட்டரில் என் பாட்டு பல பிறவி எடுத்திருந்தது. "பாட்டு இறுதி" என்று ஒன்று. "பாட்டு உண்மையான இறுதி" என்று ஒன்று. அதற்கும் பிறகு "பாட்டு சத்தியமா இறுதி". சத்தியத்துக்குப் பிறகும் நாலைந்து இருந்தன.

ஒரு விடுமுறை நாள். அடியில் தும் தும் என்று ஓடும் பேஸை மட்டும் காலையிலிருந்து இழைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நூல் ஏற்றுவேன், கண்ணை மூடிக் கேட்பேன், அரை நூல் இறக்குவேன். கடைசியில் தேன் மாதிரி வந்தது. டீ கொண்டுவந்தவளைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

"இப்ப கேளு. இது பழசு." ஏற்றினேன். "இது புதுசு. வித்தியாசம் தெரியுதா?"

"தெரியலையே."

"அதுக்குக் காது பழகணும்மா. எனக்குத் தெளிவா கேக்குது."

அவள் திரையைக் கூர்ந்து பார்த்தாள். "அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல மட்டும் ஒரு பட்டன் சிவப்பா இருக்கே, அது என்னங்க?"

பார்த்தேன். பேஸ் முழுவதும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. காலையிலிருந்து அது ஒரு சத்தமும் போடவில்லை. இல்லாத சத்தத்தைத்தான் நான் தேனாக்கிக்கொண்டிருந்தேன்.

"டீ ஆறுது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து அவள் போக்கே மாறிவிட்டது. "அவசரமே இல்லங்க, நிதானமா பண்ணுங்க," என்றாள். சோபாவை அவளே நகர்த்தினாள். மனைவி திடீரென்று அன்பாக இருந்தால் புருஷன் உஷாராக வேண்டும். நான் உஷாராகவில்லை. என் திறமையை மதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்ப்பது ஒரு தண்ணீர் பம்பு கம்பெனியில். பம்பு வாங்கியவர்கள் போனில் திட்டுவார்கள். நான் கேட்டுக்கொள்வேன். அடுத்த வாரம் திங்கட்கிழமை மேனேஜர் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். இவரும் திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டே போனேன்.

"உக்காருங்க," என்றார். அந்த நாற்காலியில் அதுவரை நான் உட்கார்ந்ததே இல்லை.

"எங்க வீட்ல உங்க சம்சாரத்துகிட்டதானே எக்சர்சைஸ் கத்துக்கறாங்க. அங்க உங்க பாட்டு போட்டாங்களாம். எனக்கும் அனுப்பினாங்க." போனைத் தட்டினார். என் பாட்டு! மேஜை மேல் இருந்த பேனா ஸ்டாண்டே லேசாக அதிர்ந்தது. "அடில ஓடுது பாருங்க, அந்த பேஸ். பிரமாதம்."

எனக்கு நெஞ்சு விம்மியது. அந்த நாற்காலி போதவில்லை.

"போன வாரம் பூரா அதுக்குத்தான் சார் உக்காந்தேன். நுணுக்கமான வேலை. எல்லார் காதுக்கும் பிடிபடாது. உங்களுக்குப் பிடிபட்டிருக்கு."

"புகார் லைன்ல காத்திருக்கறவங்களுக்கு இதைப் போடலாம்னு பாக்கறேன். போடும்போது உங்க பேரையும் சொல்லிடலாம். ஆனா ஒண்ணு, இது முடிஞ்ச பாட்டுதானே? வீட்ல இதை மட்டும் கண்டிப்பா கேட்டுக்கச் சொன்னாங்க. அரைகுறையாப் போட்டா அதுக்கும் புகார் வரும்."

"முடிஞ்சாச்சு சார். இனி ஒரு நூல்கூட அசைக்க வேண்டியதில்ல. உங்க வீட்லயும் தாராளமா சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தேன். ரூம் வாசலில் என் கீபோர்டு சுவரில் சாய்ந்து நின்றிருந்தது. உள்ளே பாய்கள் விரித்துக்கிடந்தன.

"என்னம்மா இது?"

"மேனேஜர் வீட்டம்மா போன் பண்ணாங்க. பாட்டு முடிஞ்சுடுச்சாமே. நீங்களே சொன்னீங்களாம்."

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"அப்ப முடியலையா? சரி, அவங்ககிட்ட சொல்லிடறேன். அரைகுறைப் பாட்டை முடிஞ்சதுன்னு குடுத்துட்டார், போட வேணாம்னு." போனை எடுத்துவிட்டாள்.

"இரு, இரு. போனை வை."

"அப்ப முடிஞ்சுதா?"

கம்பெனிக்குப் போன் பண்ணும் அத்தனை பேர் காதிலும் என் பெயர் விழப்போவதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன்.

"முடிஞ்சுது," என்றேன்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழைக்காகக் கத்துகிறது. நான் ஒரே ஒரு பாராட்டுக்குக் கத்தியிருக்கிறேன்.

கம்ப்யூட்டரின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"ரூம் போனா போகட்டும். இத்தனை மாசம் நான் இழைச்சது வீண் போகல. போன வாரம் போட்ட பேஸை மேனேஜர் எப்படிப் பிடிச்சார் பாத்தியா? அதுதான் காது."

அவள் பாயின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"போன வாரத்துப் பாட்டையும் கிளாஸ்ல போட்டுப் பாத்தேங்க. ரெண்டு பேருக்குத் தூக்கம் வந்துடுச்சு. அதனால அவங்களுக்கு அனுப்பினது நீங்க முதல் நாள் சாயங்காலம் பண்ணீங்களே, அது."

"முதல் நாளா? அப்ப..."

"ஆமாங்க, பாட்டு அன்னிக்கே முடிஞ்சுடுச்சு. இவ்வளவு நாளா நீங்க உக்காந்திருந்தது என் ரூம்ல."