மேல் பல்லும் தாய்மாமனும்

நான் மூடநம்பிக்கை இல்லாதவன். இதைச் சொன்னால் சிரிப்பதற்கென்றே சின்னசேலத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது. என் அக்கா மலர்க்கொடியைக் கட்டிக்கொடுத்த குடும்பம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் கள்ளக்குறிச்சியில் ஒரு டியூஷன் சென்டரில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். பால் பல் எத்தனை, நிலைப் பல் எத்தனை என்று போர்டில் படம் போட்டு விளக்குகிற ஆள். (படம் நன்றாகவே போடுவேன்.) ஒருநாள் டீக்கடையில் பக்கத்து வீட்டு அண்ணன், "அக்கா கொயந்தைக்குப் பல்லு மொளைச்சுதா? மேல்பல்லு மொதல்ல வந்தா தாய்மாமனுக்கு ஆவாது, பாத்துக்க" என்றார். விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்து வண்டியை எடுத்தால் பஞ்சர்.

அன்றைக்கே அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். எட்டு மாதத்து யாழினி வேகமாகத் தவழ்ந்து வந்து போனை நக்கப் பார்த்தாள். வாயைத் திறக்கிற நேரம் பார்த்து அக்கா ஒரு துண்டால் பொத்தினாள்.

"இன்னாக்கா, வாயை மூடற?"

"எச்சி ஒழுவிக்கினே இருக்குதுடா. அதான் தொடைக்கறேன்."

மறுநாளும் துண்டு. அதற்கு மறுநாள் வாய் நிறைய ரப்பர் பொம்மை. அன்று ராத்திரி சாப்பாட்டில் அம்மா எனக்கு இரண்டாவது முட்டையை வைத்து, "உடம்ப பாத்துக்கடா" என்றாள். எங்கள் வீட்டில் நான் கேட்காமல் இரண்டாவது முட்டை வந்த சரித்திரமே கிடையாது. எல்லோருக்கும் விஷயம் தெரியும், சாகப்போகிறவனுக்கு மட்டும் சொல்லவில்லை என்று முடிவு கட்டினேன். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு தும்மலையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். (இருபத்தாறு வயது. கல்யாணம்கூட ஆகவில்லை.)

உண்மையைக் கண்டுபிடிக்க ஒரே வழி காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்தியாக வேண்டும்? குத்தினால் குழந்தை அழும். அழுதால் வாய் திறக்கும். திறந்தால் நான் பார்ப்பேன்.

குலதெய்வக் கோயிலில் என் மடியில் வைத்து மொட்டை போட்டார்கள். யாழினி அழவில்லை. சந்தனம் தடவினார்கள். அதற்கும் சிரித்தாள். காது குத்தும் பத்தர் ஊசியை எடுத்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "பழம் ஊட்டறேன்" என்று வாழைப்பழத்தைப் பிசைந்து, ஆள்காட்டி விரலோடு அவள் வாய்க்குள் விட்டேன்.

கீழ் ஈறைத் தடவினேன். கூர்மையாக ஏதோ தட்டுப்பட்டது. அப்பாடா! மேலே தடவினேன். அங்கேயும் தட்டுப்பட்டது. எது மூத்தது என்று யோசிப்பதற்குள் இரண்டும் சேர்ந்து மூடின.

"ஐயோ, அம்மா!"

மேளம் நின்றது. பத்தர் கையிலிருந்த ஊசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, நான் இன்னும் குத்தவே இல்லியே?"

"புள்ள சிரிக்குது, மாமன் அழுவுறான்!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். நான் விரலை உதறிக்கொண்டே, "எந்தப் பல்லுக்கா மொதல்ல வந்துச்சு? உண்மைய சொல்லு!" என்று அலறினேன். அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கோபுரத்தைப் பார்த்தாள்.

"கீழ்ப்பல்லுதான்டா" என்றாள் அக்கா.

அந்த அரை நொடித் தாமதம் என் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. சொந்தத்தில் யார் வீட்டுக் காதுகுத்துக்குப் போனாலும், "மொதல்ல மாமனுக்கு மரத்துப்போற ஊசி போடுங்கப்பா" என்கிறார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். அந்தத் தாமதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

போன மாசம் சின்னசேலம் போயிருந்தேன். இரண்டாம் வகுப்பு யாழினி ஓட்டை வாயோடு ஓடிவந்து ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள்.

"மாமா, மேல்பல்லு விழுந்துடுச்சு. இனிமே உனக்கு ஒண்ணும் ஆவாது!"

"யார் சொன்னது?"

"அம்மாதான். இதுதான் மொதல்ல மொளைச்சுதாம். உனக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு செவ்வாக்கெழம செவ்வாக்கெழம சாப்பிடாம இருக்காங்க இல்ல?"

உடம்பு குறைக்க டயட் என்றல்லவா அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்! நான் ஏழு வருஷமாக அவளைச் சந்தேகப்பட்டேன். அவள் ஏழு வருஷமாக எனக்காகப் பட்டினி கிடந்திருக்கிறாள். அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்த அவள் முதுகைப் பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது.

யாழினி என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு வீடே அதிரக் கத்தினாள்.

"அம்மா, மாமா அழுவுறாரு! நான் இன்னும் கடிக்கவே இல்லியே!"