மூன்றாம் மாடி மூலை

மூன்றாம் மாடி மேற்கு மூலையில் மறுபடியும் லைன் கிடைக்கவில்லை என்று புகார் வந்தபோது, இன்ஜினியர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த அலுவலகத்துக்குக் கம்பியில்லா போன் அமைத்தவர் அவர்தான். எந்தப் பகுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுவார்கள் என்று மேசை மேசையாகக் கணக்கெடுத்து, அதற்கேற்பக் கூரையில் சிக்னல் பெட்டிகளை மாட்டியிருந்தார். ஒரு பெட்டி எட்டுப் பேரின் பேச்சைத் தாங்கும். அந்த மூலையில் இருந்ததோ நாலே மேசை.

"நாலு பேர் எப்படிய்யா எட்டு லைனையும் அடைப்பாங்க?" என்றார் மேனேஜர்.

"இன்னொரு பெட்டி மாட்டிடறேன் சார்."

மாட்டினார். அங்கே லைன் சட்டென்று கிடைக்கிறது என்று செய்தி பரவி, கீழ்மாடிக்காரர்களும் படியேறி வந்துவிட்டார்கள். இரண்டு பெட்டியும் நிரம்பி வழிந்தன. கையிருப்பில் வேறு பெட்டி இல்லாததால் மீட்டிங் அறை வாசலில் இருந்ததைக் கழற்றி வந்து மாட்டினார். அன்று பார்த்து அந்த அறையில் மேனேஜர் பெரிய வாடிக்கையாளர் ஒருவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். பாதிப் பேச்சில் போன் ஊமையாகிவிட்டது.

"நாளைக்குள்ள இது சரியாகலைன்னா, நீ வேற இடம் பார்த்துக்கோ."

இன்ஜினியர் அந்த மூலைக்கே போய் நின்றார். ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். ஒருத்தி நாத்தனாரைப் பற்றித் தங்கையிடம் சொல்லி அழுதாள். ஒருவன் முறிந்துபோன கல்யாணப் பேச்சைப் பற்றி நண்பனிடம் வாய்விட்டுப் புலம்பினான். பேசி முடித்துத் திரும்பிய டைப்பிஸ்ட் அம்மாவை நிறுத்திக் கேட்டார்.

"ஏம்மா, எல்லாரும் ஏன் இங்கயே வர்றீங்க?"

"ஜன்னலோரம் உட்கார்ந்திருக்காரே கணக்கர், அவருக்குச் சுத்தமா காது கேட்காது சார். மனசுவிட்டுப் பேச இந்த ஆபீஸ்ல வேற இடம் ஏது?"

பெரியவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் இன்ஜினியரும் போனை எடுத்தார்.

"அக்கா, எனக்கு வேலை போயிடும் போலிருக்கு. அவளுக்கு இது ஏழாம் மாசம். எந்த முகத்தோட போய்ச் சொல்லுவேன்?"

குரல் உடைந்துவிட்டது. போனை வைத்துவிட்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கணக்கர் பேனாவை மூடி வைத்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்ல சொல்லி அந்தப் பொண்ணைக் கலவரப்படுத்தாதீங்க தம்பி. நாளையிலிருந்து மேனேஜரே வரமாட்டார். வேற கம்பெனியில வேலை உறுதியாயிடுச்சுன்னு நேத்து இங்க நின்னுதான் பேசிட்டுப் போனார்."