மாடிப்படிக் குடியரசு

துப்பாக்கி, கொடி, தேர்தல் செலவு எதுவுமே இல்லாமல் உலகத்தில் ஒரு நாட்டை ஆண்ட ஒரே மனிதர் எங்கள் பிரசிடெண்ட்தான். அந்த நாட்டைத் தேடி உலக வரைபடத்தைப் பிரிக்காதீர்கள். எர்ணாவூரில் நாங்கள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடம்தான் அது. பெருமழை பெய்து தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் கட்டடம் தீவாகும். தீவான மறுநிமிடம் சுயாட்சி.

மனிதர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். வெயில் நாட்களில் டீக்கடையில் ஓசிப் பேப்பர் படிக்கும் சாதாரணப் பிரஜை. தண்ணீர் முதல் படியைத் தொட்டதும் குடையும் பிளாஸ்டிக் நாற்காலியுமாக மாடிப்படித் திருப்பத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். அதுதான் நாடாளுமன்றம். படியில் இடம் வேண்டுமென்றால் சீக்கிரம் போகவேண்டும்.

சட்டங்கள் கறாரானவை. தீவுக்கு ஒரே அடுப்பு. யார் வீட்டில் சிலிண்டர் நிறைந்திருக்கிறதோ அங்கே எல்லாருக்கும் சமையல். கதவைத் தாழ் போடக்கூடாது. தண்ணீர் எப்போது வடியும் என்று கேட்கிறவர் அன்றைய சமையலுக்குப் பூண்டு உரிக்க வேண்டும். நான் உரித்த பூண்டுக்கு அளவே இல்லை. இத்தனைக்கும் நான் வெளியுறவு மந்திரி. பாஸ்போர்ட் ஆபீஸ்வரை போய்வந்த ஒரே குடிமகன் என்பதால் கிடைத்த பதவி. பாஸ்போர்ட் கிடைக்கவில்லை என்பதை அமைச்சரவை பெருந்தன்மையாக விட்டுவிட்டது. இரண்டாம் மாடி கன்னியம்மா அக்காவுக்கு ஒலிபரப்புத் துறை. அவர் மொட்டை மாடியில் நின்று பால் கேட்டால், அடுத்த தெருவில் மாடே திரும்பிப் பார்க்கும்.

அப்படியொரு மழையில்தான் என் கல்யாணம் வந்து மாட்டிக்கொண்டது. காசிமேட்டிலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. வீடு பிடித்தால்தான் பெண். என் வீடோ மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் பெய்யும். தண்ணீரைக் காரணம் காட்டித் தள்ளிப்போடலாமே என்று போன் செய்தேன். பெண்ணின் அப்பா படகுக்காரர். விழுந்து விழுந்து சிரித்தார். கடலில் பிழைக்கிறவரைத் தெருத் தண்ணீரைச் சொல்லிப் பயமுறுத்தியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மறுநாள் காலை மினி லாரியில் ஒரு சின்னப் படகை ஏற்றிவந்து, தெருமுனையில் இறக்கி, மகளோடும் வெற்றிலைத் தட்டோடும் வாசலுக்கே வந்து சேர்ந்துவிட்டார்.

பிரசிடெண்ட் குடையைக் குறுக்கே நீட்டினார்.

"எந்த நாடு?"

"காசிமேடு."

"இன்னா விசயமா வந்துகீறீங்க?"

"மாப்ள வூடு பாக்க."

நான் நாலு படி மேலே நின்று, தண்ணீர் இன்னும் ஓர் ஆள் உயரம் ஏறக்கூடாதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

இங்கே தனி வீடு என்று எதுவும் கிடையாது, எல்லாம் எல்லாருக்கும் என்பதுதான் சட்டம் என்று பிரசிடெண்ட் விளக்கினார். பிறகு விருந்தாளிகளை மாடி மாடியாக அழைத்துப் போனார். முதல் மாடியில் டைல்ஸ் பதித்த சமையலறையைக் காட்டி, "இது மாப்ள கிச்சனு" என்றார். அந்த வீட்டம்மா கண்ணைச் சிமிட்டாமல் தலையாட்டினார். கன்னியம்மா அக்காவின் இரட்டைக் கதவு பிரிட்ஜ் என்னுடையதானது. எதிர்வீட்டு ஹீட்டர் வைத்த குளியலறையும் என்னுடையதே. மூன்றாம் மாடி ஏறுவதற்குள் எர்ணாவூரின் பெரிய பணக்காரனாகிவிட்டேன்.

கடைசியில் என் அறை. உள்ளே பக்கெட்டுகள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"இது இன்னா ரூமு?" என்றார் படகுக்காரர்.

"இதுவா? மழத்தண்ணி சேமிப்பு" என்றார் பிரசிடெண்ட், முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல்.

படகுக்காரர் ஏமாறுகிற ஆளில்லை. படித் திருப்பத்துக்கு இறங்கி வந்தார். பிரசிடெண்ட் தன் நாற்காலியையே இழுத்துப் போட, அதில் உட்கார்ந்து காபியைக் குடித்து முடித்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"எல்லாம் சரி நைனா. உன் வூடு எங்க கீது?"

பிரசிடெண்ட் குடையால் கீழே காட்டினார். கீழ்த்தளத்தில் ஒற்றைக் கதவு, மேல்பாதி மட்டும் தெரிந்தது.

"தோ, அதான். இப்ப கடலுக்குள்ள கீது. வடிஞ்சதும் வந்துடும்."

எந்த மழையிலும் முதலில் முங்குவது அவர் வீடுதான் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தீவில் அவரைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்ல யாருக்கும் நேரம் கிடைத்ததில்லை. எல்லாருக்கும் ஏதாவதோர் இலாகாவைக் கொடுத்து வைத்திருந்தார்.

படகுக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் படகேறிப் போனார். சம்பந்தம் கைநழுவிவிட்டது என்றே நினைத்து, கேட்காமலேயே உட்கார்ந்து பூண்டு உரித்தேன். படகில் அவர் என்ன சொன்னார் என்பதை என் மனைவி பிற்பாடு சொன்னாள்.

"மாப்ள சுமாருதான். ஆனா அந்த ஆளு வூடு முங்கிக் கெடக்குது, நமக்கு நாற்காலி போட்டான் பாத்தியா? அந்தக் கட்டடத்துக்குப் பொண்ணு குடுக்கலாம்."

கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது, அப்பா பெயருக்கு அடுத்த வரியில் போட பிரசிடெண்டின் சொந்தப் பெயரைக் கேட்டேன். அதெல்லாம் எதற்கு, பிரசிடெண்ட் என்றே போடு என்றுவிட்டார்.

எந்த ஊருக்குப் பிரசிடெண்ட் என்று அச்சகத்தில் கேட்டார்கள்.

"எங்களுக்கு" என்றேன்.