எங்கள் கேம்ப்பில் பேருந்து நிறுத்தம்

எனக்குத் தமிழ் எழுதத் தெரியும் என்பதை அலுவலகத்தில் நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாமல் இருப்பதும் என்னால் ஆகிற காரியம் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வகுப்பறையைப் பார்த்த முதல் ஆள் நான். (அம்மாவும் பார்த்திருக்கிறாள், பெருக்குவதற்காக.) டெல்லியில் லோதி ரோடு பக்கம் தமிழ் சொல்லித் தரும் பள்ளியில் படித்து, கட்டுரைப் போட்டியில் எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவள். டம்ளர் வாங்கியவர்கள் சும்மா இருப்பதில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு போக்குவரத்துத் திட்ட ஆலோசனை நிறுவனம். பஸ் எங்கே நிற்க வேண்டும் என்பதை, பஸ்ஸில் ஏறாதவர்கள் உட்கார்ந்து முடிவு செய்யும் இடம். திடீரென்று ஒருநாள் அவர்களுக்கு ஞானோதயம் வந்தது: சிறுபான்மை மொழி பேசுகிற மக்களிடமும் கருத்துக் கேட்க வேண்டுமாம். அதுவரை கேட்காமல் இல்லை. இணையதளத்தில், ஆங்கிலத்தில், கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். குடிசைகளிலிருந்து ஒரு ஆட்சேபணையும் வராததால், எல்லோருக்கும் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

இந்த முறை கேட்க வேண்டிய இடம், சாக்கடைக் கால்வாயை ஒட்டிய தமிழர் குடிசைப் பகுதி. அதாவது எங்கள் கேம்ப். புதிய பஸ் ஸ்டாப் எங்கள் கேம்ப் வாசலிலா, அல்லது ரொம்ப தூரம் தள்ளி இரும்பு கேட் போட்ட காலனி வாசலிலா என்பது கேள்வி. காலனிக்காரர்கள் ஏற்கெனவே கருத்துச் சொல்லிவிட்டார்கள், சமோசாவோடு. வீட்டுக்கு மூன்று கார் வைத்திருப்பவர்களுக்கு பஸ் ஸ்டாப்பின் அருமை தெரியாதா என்ன?

எங்களுக்கு அது விளையாட்டில்லை. அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் விடியற்காலையில் அரசாங்கக் குடியிருப்புகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். பஸ் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும், நிற்காது. வேகத்தடையில் கொஞ்சம் மெதுவாகும். அந்தக் கொஞ்சத்தில்தான் தாவி ஏறுவார்கள். போன மழைக்காலத்தில் அம்மா அப்படித் தாவி, படியைத் தவறவிட்டு, முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். இன்னொரு முறை விழுந்தால் வேலைக்கே போக முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனவே எனக்கு அந்த ஸ்டாப், ஸ்டாப் இல்லை, அம்மாவின் கால்.

"உங்கள் ஆட்களுக்கு ஒரு அறிவிப்பு எழுத முடியுமா?" என்று அலுவலகத்தில் என் மேலதிகாரி மேடம் கேட்டதும் எனக்குள் அந்த டம்ளர் கலகலத்தது. 'பஸ் ஸ்டாப்' என்று எழுதுவதா? நானா? நல்ல தமிழில், பெரிய எழுத்தில் எழுதினேன்:

"இப்பகுதியில் பேருந்து நிறுத்தம்! தங்கள் மேலான கருத்துகளைத் தெரிவிக்க ஞாயிறு மாலை அனைவரும் வருக."

அம்மா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கேம்ப் முழுக்க ஒட்டினேன். வீட்டில் மூச்சு விடவில்லை. கூட்டத்துக்கு வந்து, மைக்குடன் நிற்கும் மகளைப் பார்த்து அவள் பூரித்துப் போக வேண்டும் என்பது திட்டம். (திட்டமிடுவதுதானே எனக்குத் தொழில்.)

கேம்ப்பில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு. செல்வி அக்கா கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஐந்தாவது வரை படித்தவள். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னதுதான் எல்லோருக்கும் சேதி. பேருந்து என்றால் பஸ் என்பது அவளுக்குத் தெரியும். நிறுத்தம்? வேலை நிறுத்தம் தெரியும். ரேஷனை நிறுத்தினது தெரியும். அவள் வாழ்க்கையில் அரசாங்கம் அறிவித்த எந்த நிறுத்தமும் நல்ல சேதியாக இருந்ததில்லை.

"பஸ்ஸ நிறுத்தறாங்களாம்டீ!"

ஞாயிறு மாலை. ஷாமியானா போட்டிருந்தோம். இந்திக்கார அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பாதுகாப்புக்கு ஒரு கான்ஸ்டபிள். பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று பிஸ்கட் வாங்கியிருந்தேன். மொத்த கேம்ப்பும் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மொழிநடைக்கு இவ்வளவு சக்தியா என்று நினைத்த அந்த நொடியை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதல் வரிசையில் காலைச் சாய்த்துச் சாய்த்து வந்த அம்மா, அதிகாரிக்குப் புரியட்டும் என்று இந்தியிலேயே ஆரம்பித்தாள்.

"பஸ் மத் ரோக்கோ!"

பஸ்ஸை நிறுத்தாதே. கூட்டம் அப்படியே வாங்கிக்கொண்டது. "மத் ரோக்கோ! மத் ரோக்கோ!"

அதிகாரியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அச்சா! இவர்களுக்கு இங்கே பஸ் நிற்க வேண்டாமா? முன்பே சொல்லியிருக்கலாமே. அப்படியானால் காலனி வாசல்தான்" என்று பேனாவைத் திறந்தார்.

இந்த இடத்தில் புத்தியுள்ள எவரும் செய்யாத காரியத்தைச் செய்தேன். மைக்கைப் பிடித்து விளக்கம் கொடுத்தேன்.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! நிறுத்தம் என்பது இங்கே இடத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்..."

"நல்லா வெளங்கிச்சு" என்றாள் செல்வி அக்கா.

அப்போதுதான் அம்மா என்னைப் பார்த்தாள். "அடியே, நீயா? நீயா எழுதுன இத?"

"அம்மா, 'மத் ரோக்கோ' சொல்லாதம்மா! பஸ்ஸ நிறுத்தணும்னு சொல்லு!"

"கேட்டீங்களா இந்த அக்கிரமத்த? பெத்த பொண்ணே பஸ்ஸ நிறுத்தச் சொல்றா! இதுக்காடி ஒன்ன படிக்க வெச்சேன்?"

"ஐயோ, அதில்ல! நம்ம வாசல்ல வந்து நிக்கும்மா! நின்னு, நீ ஏறினப்புறம் போவும்! நீ தாவ வேணாம்!"

அம்மா கோஷத்துக்குத் தூக்கிய கையை இறக்கினாள்.

"நிக்குமா?"

"நிக்கும்."

"நம்ம வாசல்லயா?"

"நம்ம வாசல்லதான்."

"அப்ப 'பஸ் நிக்கும்'னு எழுத வேண்டியதுதான? அதுல என்னாடி கேடு வந்துச்சு ஒனக்கு?"

கேட்ட கையோடு அம்மா அதிகாரியின் பக்கம் திரும்பிவிட்டாள். "சாப்! பஸ் ரோக்கோ!"

"பஸ் ரோக்கோ! பஸ் ரோக்கோ!" என்றது கேம்ப்.

டெல்லியில் ஒரு கூட்டம் 'ரோக்கோ' என்று கத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மறியல். கான்ஸ்டபிள் லத்தியை எடுத்துக்கொண்டு வயர்லெஸ்ஸில் யாரையோ கூப்பிட ஆரம்பித்தார். "இப்போதுதானே நிறுத்தாதே என்றார்கள்!" என்று அதிகாரி அலறினார். அந்த நேரம் பார்த்து, எப்போதும் வராத ஞாயிற்றுக்கிழமை பஸ் வந்தது. பெண்கள் அதைக் காட்ட, கையை நீட்டிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். டிரைவர் பயந்துபோய் பிரேக்கை அழுத்தினார். எங்கள் வாசலில், சரித்திரத்தில் முதன்முறையாக, ஒரு பஸ் முழுதாக நின்றது.

தப்பித்தால் போதும் என்று கிளம்பிய அதிகாரியின் ஜீப் அதன் பின்னால் மாட்டிக்கொண்டது. அம்மா ஜன்னல் பக்கம் போய், "ஜல்தி லிக்கோ சாப்" என்றாள், சீக்கிரம் எழுதுங்கள் என்று. ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள். அவர் முழங்கால்மேல் ஃபைலை வைத்து எழுதினார்: பொதுமக்களின் கடும் கோரிக்கை, சட்டம் ஒழுங்கைக் கருதி ஸ்டாப்பை இங்கேயே அமைக்கலாம்.

கம்பம் வந்துவிட்டது. கூரையும் வந்தது. அம்மா இப்போது நின்று ஏறுகிறாள், மகாராணி மாதிரி, கண்டக்டரைக் காக்க வைத்து. எங்கள் நிறுவனம் தன் அறிக்கையில், தாய்மொழியில் அறிவிப்பு வெளியிட்டதால் வரலாறு காணாத மக்கள் பங்கேற்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டது. மற்ற ஊழியர்களுக்கு இந்தக் கலையைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பையும் எனக்கே தந்திருக்கிறது.

அதெல்லாம் போகட்டும். போன மாதம் ஒரு வரன் வந்தது. பெண் என்ன செய்கிறாள் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். 'நகரப் போக்குவரத்துத் திட்டமிடல்' என்று நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"எம் பொண்ணு ரெண்டு வரி எழுதி ஒட்டுனான்னா, ஊரே ரோட்டுக்கு வந்துரும்."

வீட்டில் எல்லோரும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க தெருவுக்குத் தண்ணி டேங்கர் வர மாட்டேங்குதும்மா" என்றார் மெதுவாக. "ஒரு ரெண்டு வரி எழுதித் தர்றியா?"