மைனஸ் பத்து டிகிரி கடற்கரை

"ஜனவரில சராசரி அம்பத்தேழு டிகிரின்னு போட்டிருக்கீங்களே, அது ஊரா, தந்தூரி அடுப்பா?"

போனில் கேட்டது தாரணி. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி. தன் ஆபீஸ் ஆட்களைச் சுற்றுலா கூட்டிப்போக போர்ச்சுகல் பக்கம் சான் வெல்மோ என்ற கடலோர ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரேசர் டவுன் டிராவல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்திருந்த நரேஷுக்கு வேர்த்தது. ஊரின் பன்னிரண்டு மாத வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, பக்கத்தில் செல்சியஸ் என்று தட்டியிருந்தான்.

"டைப்பிங் மிஸ்டேக் மேடம். அஞ்சு நிமிஷத்துல மாத்தி அனுப்பறேன்."

எக்செல்லில் ஃபார்முலா போட்டு இழுத்தான். ஐம்பத்தேழு பதினாலாயிற்று. அந்த நேரம் பார்த்து மேனேஜர் நிருபமா பின்னால் வந்து நின்றாள்.

"நரேஷ், போன வாரம் ஒரு குடும்பத்தையே தப்பான ஏர்போர்ட்டுக்கு அனுப்பின. இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா நீ கிளம்பிடலாம்."

அந்தப் பதற்றத்தில் அதே ஃபார்முலாவை இன்னொரு தடவை இழுத்தான். பதினாலு, மைனஸ் பத்தாயிற்று. ஆகஸ்டுகூட மைனஸ் ஆறு. பார்க்காமலே அனுப்பிவிட்டான்.

பத்து நிமிடத்தில் தாரணி கூப்பிட்டாள்.

"ஜனவரி மைனஸ் பத்தா? நிஜமாவா?"

நரேஷ் திரையைப் பார்த்தான். இரண்டாவது தப்பை ஒத்துக்கொண்டால் வேலை போய்விடும்.

"ஆமா மேடம். கொஞ்சம் சில்லுனு இருக்கும்."

"கடல்?"

"ஓரமா உறைஞ்சிருக்கும்."

"சூப்பர்! நாளைக்குள்ள சொல்றேன். அந்த டெம்பரேச்சர் டேபிளை உங்க லெட்டர்ஹெட்ல அனுப்புங்க. மைனஸ் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்."

மறுநாள் பதினெட்டு டிக்கெட் உறுதியானது. நிருபமா முதல்முறையாக அவனைப் பார்த்துச் சிரித்தாள். நரேஷுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. பதினாலு டிகிரி என்பது ஜனவரிக் காலையில் அவன் குடியிருக்கும் ஜீவனஹள்ளியில் பால் வாங்க வரிசையில் நிற்கிறபோது அடிக்கிற குளிர். அதற்காகப் பதினெட்டு பேர் கடல் தாண்டப் போகிறார்கள்!

கொஞ்சம் கொஞ்சமாக உண்மைக்கு இறங்கி வரலாம் என்று ரெண்டு நாள் கழித்து போன் செய்தான்.

"மேடம், இந்த வருஷம் குளிர் குறைவாம். மைனஸ் ரெண்டுதான்னு..."

"ஐயோ, வேண்டாம். பழைய டேபிளே இருக்கட்டும்" என்றாள் தாரணி அவசரமாக. "எல்லாரும் பனி ஜாக்கெட் வாங்கிட்டோம். பனிச்சறுக்குக்கும் ஏற்பாடு பண்ணுங்க."

உறையாத கடலோரத்தில் பனிச்சறுக்கு! பழைய டேபிளை ஆதாரமாக வைத்து கோர்ட்டுக்கு இழுக்கப் போகிறார்கள் என்று நரேஷ் முடிவே கட்டிவிட்டான். மறுநாள் காலை சரியான அட்டவணையை எடுத்துக்கொண்டு நேராக அவர்கள் ஆபீஸுக்கே போனான்.

உள்ளே ஒரே கும்மாளம். யாரோ குரங்குக் குல்லாயோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாரணி அவனைப் பார்த்ததும், "இங்க எதுக்கு..." என்று ஓடி வந்தாள். அதற்குள் அவன் கண்ணை மூடிக்கொண்டு கத்திவிட்டான்.

"எல்லாரும் மன்னிச்சிருங்க! அங்க மைனஸே கிடையாது. ஜனவரில பதினாலு, ஆகஸ்ட்ல இருபத்திரெண்டு. வருஷம் பூரா இதமான ஊரு. நான்தான் கணக்கைத் தப்பா போட்டேன்!"

எல்லாத் தலையும் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பியது.

கண்ணாடி அறைக் கதவு திறந்தது. எம்.டி. பாலசுப்ரமணியன் வந்து அட்டவணையை வாங்கி, பன்னிரண்டு மாதத்தையும் விரல் வைத்துப் படித்தார். முகம் மலர்ந்தது.

"தம்பி, உன்னை மாதிரி நேர்மையான ஆளை இந்தக் காலத்துல பாக்க முடியாது" என்று அவன் கையைக் குலுக்கினார். "பத்தொம்பதாவது டிக்கெட் ஒண்ணு போடு. எனக்கு."

நரேஷுக்குக் கண் கலங்கியது. வேலை தப்பித்தது, கூடுதலாக ஒரு டிக்கெட்டும் விற்றாயிற்று. கை தட்டுவார்களோ என்று திரும்பிப் பார்த்தான். குல்லாய் போட்டவர் குல்லாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். தாரணி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

காபித் தட்டோடு வந்துகொண்டிருந்த ஆபீஸ் உதவியாளர் கோவிந்தப்பா, அவனருகில் வந்ததும் தட்டை அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"சும்னே வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல சார்? மைனஸ் பத்துன்னா பெரிய சார் வரமாட்டார்னுதான், பதினெட்டு பேரும் இந்த ஊருக்குக் கை தூக்கினாங்க."