காலால் பார்க்கிறவர்கள்

வீட்டை எல்லோரும் கண்ணால்தான் பார்க்கிறார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். காலால் பார்க்கிற ஓர் இனமும் உண்டு. கிரகப்பிரவேசத்துக்குப் போன இடத்தில், பந்தியைக்கூட மறந்து, மூலையில் நின்று கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்களே, அவர்கள்தான். சொந்த வீடு கட்டாதவரை இவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை.

ரவிச்சந்திரன் கட்டினார். திருமுல்லைவாயிலில், ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில். கூரை போட்டாயிற்று, கதவு மாட்டியாயிற்று, தரை மட்டும் சொரசொரவென்று வெறும் சிமெண்டாகக் கிடந்தது. ஏன்? டைல்ஸ் வழுக்கும், கிரானைட் குளிர்ந்து முட்டியைப் பிடிக்கும், மார்பிளில் மஞ்சள் கறை போகாது, மொசைக் போட்டால் பழைய கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும் என்று ஆளுக்கொன்று சொல்ல, மனிதர் அத்தனையையும் நம்பினார். ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் மாதிரித் துண்டுகளாகச் சேர்ந்தன. அவற்றை வரிசையாக அடுக்கி, மனைவி ராணி வைத்த சாம்பாரை ஊற்றி, ஊறவிட்டுத் துடைத்துப் பார்ப்பார். அன்றைக்கெல்லாம் வீட்டில் ரசம்தான்.

இதற்குள் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் ஓனர் திருவேங்கடம் வந்துவிட்டார். ஆவணியில் அவர் மகனுக்குக் கல்யாணம். அந்தப் போர்ஷன் புதுப்பெண்ணுக்கு வேண்டும்.

“இன்னா சார், வைகாசி பொறந்தாச்சு. ஆனி, ஆடில எவனும் பால் காய்ச்ச மாட்டான். அதுக்குள்ள எதுனா ஒரு கல்லப் போட்டுகினு குடி போங்க சார்.”

“போயிடலாம்ணே.” ரவிச்சந்திரனின் கட்டைவிரல் அந்த வாடகை வீட்டுத் தரையைத் தேய்த்தது. “இது என்ன கல்லு, கடப்பாவா?”

திருவேங்கடம் ராணியைப் பார்த்தார். “நீயாவது சொல்லும்மா.”

“எதையாவது போடுங்க, நான் தொடைச்சுக்கறேன்னு சொல்லிச் சொல்லி வாயே வலிக்குதுங்க” என்றாள் ராணி.

வைகாசியின் கடைசி முகூர்த்தத்தில், அந்த வெறும் சிமெண்டில் பால் பொங்கியது. ஆபீஸ் நண்பர் ஜெகதீஷ் காலால் ஒரு தேய் தேய்த்துப் பார்த்தார்.

“சிமெண்டாவே விட்டுட்டீங்களா சார்? இப்ப பெரிய ஆளுங்க வீட்டுலல்லாம் இப்படித்தான் விடறாங்க.”

ரவிச்சந்திரன் தயங்கவேயில்லை. “ரொம்ப யோசிச்சுதான் முடிவு எடுத்தோம்.”

காலையிலிருந்து வெறுங்காலோடு நடந்து நடந்து ராணியின் குதிகால் தேய்ந்திருந்தது. வாசலுக்குப் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டு, மகாலட்சுமி வந்து அரைமணி நேரம்கூட ஆகாத வீட்டுக்குள், அத்தனை பேர் பார்க்க, நடந்து வந்தாள். விருந்துக்குப் போயிருந்த எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது.

ரவிச்சந்திரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைத்தான் பார்த்தார்.

“ராணி, இந்த சோல் கிரானைட்ல கீறல் போடுமான்னு பாத்துடணும்.”

இப்படியும் ஒரு மனிதரா என்றுதானே சிரிக்கிறீர்கள்? நல்லது. சற்றுமுன் டைல்ஸ், மொசைக் என்றெல்லாம் படித்தபோது உங்கள் கட்டைவிரல் கீழே எதையோ தேய்த்துப் பார்த்ததே, அது என்ன தரை?