மறைபுலன் தலைவருக்கு வைத்த பேனர்

அகில தேசிய மறைபுலன் முகமையின், அதாவது உளவுத்துறையின், தலைவர் யாரென்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் அன்றே பதவி காலி. இது அரசு விதி. முப்பது வருஷம் தலைமறைவாக உழைத்து அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவர் நம்ம பிரம்மதேசம் கோதண்டபாணி. விஷயத்தைப் பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னார். அந்தம்மா தம்பி தென்னரசுவிடம் மட்டும் சொன்னார். தென்னரசு பேனர் கடைக்காரரிடம் மட்டும் சொன்னான்.

மறுநாள் கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் நாற்பதடி பேனர்! நடுவில் கோதண்டபாணி கைகூப்பிச் சிரிக்கிறார். மேலே, ‘தேசத்தின் ரகசியமே வருக!’ கீழே, வாழ்த்தும் நெஞ்சங்கள் அறுபது பேர்.

டெல்லியிலிருந்து போன் அலறியது.

“டேய் மச்சான், ஜல்தியா கழட்டுடா! என் வேலையே போய்டும்!”

“இன்னா மாமா, பேஜாரு பண்றீங்க? ரகசியம்னுதான் உங்க பேரே போடல. கூலிங் கிளாஸ் வேற மாட்டி வுட்டிருக்கேன்.”

“மூஞ்சி இருக்குதேடா!”

“மூஞ்சி இல்லாம எப்பிடி மாமா பேனரு? கழட்டுனா கீழ இருக்கிற அறுபது பேரும் என் தோலை உரிச்சுடுவாங்க.”

அதற்குள் மேலிடத்துக்குத் தெரிந்துவிட்டது. தலைவரின் திருமுகம் பொதுமக்களால் அறியப்பட்டுவிட்டதா என்று கண்டறிய, இரண்டு அதிகாரிகள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரிகளாக வந்து இறங்கினார்கள். அச்சு அசல் வியாபாரிகள்தான். மூட்டை என்ன விலை என்று கேட்டால் மட்டும் போனை எடுத்துப் பார்த்தார்கள்.

பேனரடியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த முனியம்மாளைப் பிடித்தார்கள்.

“இதுல இருக்கிறது யாரும்மா?”

“தோ, மூணாவது வரிசையில என் மருமவன். படுபாவி, கருப்பா அடிச்சு வச்சிருக்கான் பாருங்க.”

“நடுவுல பெருசா இருக்கிறது?”

“அதுவா? யாரோ பெரிய மனுசன். செத்துட்டாரு போல.”

ஊர் முழுக்க விசாரித்தார்கள். பேனரில் இருந்தவர்கள் தங்கள் படத்தை மட்டும் பார்த்திருந்தார்கள். இல்லாதவர்கள் கோபத்தில் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ‘தலைவரின் முகம் உச்சபட்சப் பாதுகாப்பில் உள்ளது’ என்று அறிக்கை போயிற்று. பதவி பிழைத்ததோடு, இரண்டு வருஷம் நீட்டிப்பும் கிடைத்தது. அதற்கும் தென்னரசு புதுப் பேனர் வைத்தான். கீழ்வரிசையில் அந்த மல்லாட்டை வியாபாரிகள் இரண்டு பேரும் இருந்தார்கள்.

கோதண்டபாணிக்குத்தான் மனசு ஆறவில்லை. சொந்த ஊர்ப் பக்கத்தில் ஒருத்தருக்குக்கூடவா தன்னைத் தெரியவில்லை? ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வந்து, அதே மாதிரி கூலிங் கிளாஸ் போட்டு, பேனரடியில் கைகூப்பிச் சிரித்தபடி நின்றார். வெயிலில் வேர்த்து ஊற்றியது. பஸ்ஸுகள் வந்து போயின. ஒருத்தரும் திரும்பவில்லை.

கடைசியில் நான்தான் கிட்டே போனேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது, பாவம்.

“சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றேன். “என் படம் மறைக்குது.”